நாசரேத்தூரின் பெயர் தெரியாத ஆசிரியர்

தியானப் பகுதி: லூக்கா 4:16-20



நம் ஆண்டவர் தாம் வளர்ந்த நாசரேத்தூருக்கு வந்து, ஓய்வுநாளில் ஜெபஆலயத்தில் வாசிக்க எழுந்து நின்றார் என்று லூக்கா எழுதுகிறார். ஏசாயாவின் சுருள் அவர் கையில் கொடுக்கப்படுகிறது. அவர் அதை விரித்து, தமக்கு வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்து வாசிக்கிறார். இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும் நாம் வழக்கமாக அவர் வாசித்த தீர்க்கதரிசனத்துக்கு விரைந்து போய்விடுகிறோம். அதற்கு முன்பாக ஒரு நிமிடம் நின்று, ஓர் எளிய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்?

அக்காலத்து எபிரெயச் சுருள்களில் உயிரொலிக் குறிகள் கிடையாது. அவை பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே சேர்க்கப்பட்டன. மெய்யெழுத்துகள் மட்டும் வரிசையாக நிற்கும். ஒருவர் வாசிக்கக் கேட்டுக் கேட்டுப் பழகினாலன்றி, அந்தச் சுருளை எவரும் பிழையின்றி வாசித்துவிட முடியாது. ஆகவே நாசரேத்தூரில் யாரோ ஒருவர், தச்சன் வீட்டுப் பிள்ளையின் அருகே பல நாட்கள் அமர்ந்து, எழுத்தைச் சுட்டிக் காட்டி, ஒலியைச் சொல்லிக் கொடுத்து, பிழை வந்தபோது திருத்தியிருக்க வேண்டும். வீட்டில் பெற்றோராக இருக்கலாம். ஜெபஆலயத்து ஊழியராகவும் இருக்கலாம். அத்தகைய ஊழியர் பிள்ளைகளின் வாசிப்பைக் கவனித்து வந்ததற்கான குறிப்பு மிஷ்னா என்னும் யூத நூலில் உண்டு. அப்படியானால், வாசித்து முடித்த சுருளை ஆண்டவர் எந்தப் பணிவிடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தாரோ, அந்த மனிதரே அவருக்கு எழுத்தறிவித்தவராகவும் இருந்திருக்கக் கூடும். இது என் ஊகம் மட்டுமே. ஆனால் யாரோ ஒருவர் இருந்தார் என்பது ஊகம் அன்று. அவருடைய பெயரை நான்கு சுவிசேஷகரில் ஒருவரும் எழுதவில்லை.

அந்தப் பெயர் தெரியாத மனிதரின் வேலையை நம்முடைய விளாங்குடியிலும், தத்தனேரியிலும், கூடல்நகரிலும், பரவையிலும் செய்வதற்கு இன்று ஆட்கள் தேவைப்படுகிறார்கள். இந்த வாரம் உங்களோடு பேச விரும்புவது அதைப் பற்றியே.

நம் சபைகள் அரசுப் பள்ளிகளுக்கு ஒன்றுமே செய்வதில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் நோட்டுப் புத்தகம் வழங்குகிறோம். டிசம்பரில் கேக்கும் இனிப்பும் கொண்டு போகிறோம். பதாகை பிடித்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, புகைப்படம் எடுத்து, சபை மடலில் அச்சிடுகிறோம். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆயினும், நம் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒருமுறை என்னிடம் மரியாதையோடு சொன்ன வார்த்தை என் மனத்தை விட்டு அகலவில்லை. “ஐயா, நோட்டு எங்களுக்குப் போதுமான அளவு வருகிறது. வாரத்துக்கு ஒரு நாள் யாராவது வந்து, இந்தப் பிள்ளைகள் வாசிப்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேட்டால் போதும்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டுப் புத்தகம், சீருடை, புத்தகப் பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் அரசே விலையின்றித் தருகிறது. மதிய உணவு காமராசர் காலத்தில், 1956இல், ஊர் மக்களின் நன்கொடைகளையும் சேர்த்துக்கொண்டு பரவலாகத் தொடங்கி, இன்று அரசின் முழுப் பொறுப்பாகிவிட்டது. காலை உணவுத் திட்டம் நம்முடைய மதுரையிலேயே, 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. வயிற்றுக்கும் முதுகுக்கும் வேண்டியவை பெரும்பாலும் வந்து சேர்ந்துவிட்டன. அரசாங்கம் எந்த லாரியிலும் ஏற்றி அனுப்ப முடியாத ஒன்று மட்டும் குறைவுபடுகிறது. ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு பெரியவரின் நேரமே அது.

கணக்கைப் பாருங்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகள், பாடவேளை நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை வேறு எதையும் செய்யாமல், ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைக் கேட்பதற்கு மட்டும் அந்த நேரத்தைச் செலவிட்டாலும், ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் ஏராளம். அங்கே நிலைமை இன்னும் கடினம்.

தமிழ் வாசிக்கத் தொடங்கும் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதை அருகில் அமர்ந்து கவனித்தவர்கள் அறிவார்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு தெரியாது. ‘கெ’ என்பதையும் துணைக்காலையும் தனித்தனியே பார்த்து, ‘கொ’ என்ற ஒலிக்கு வந்து சேராமல் நிற்கும். ல, ழ, ள மூன்றும் ஒன்றாகவே தோன்றும். எழுத்தெழுத்தாகக் கூட்டி வார்த்தையின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்து போகும். இவற்றுள் ஒன்றும் பெரிய குறைபாடு அன்று. பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்கும் ஒரு காது இருந்தால், சில மாதங்களில் சரியாகிவிடும். கேட்க ஆளில்லாமல் அப்படியே ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டால், அந்தப் பிள்ளை வாசிக்கத் தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவன் சொல்வதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். எட்டாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் வராததற்குக் காரணம் கேட்டால், பல வேளைகளில் அது இரண்டாம் வகுப்பில் விட்டுப்போன கொம்பிலும் காலிலும் போய் முடியும்.

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட நம் தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. பத்தொன்பது மாதங்கள். அதற்கு அடுத்த ஆண்டு ‘அசர்’ ஆய்வினர் ஊரகத் தமிழ்நாட்டில் வீடு வீடாகச் சென்று பார்த்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரில் பத்துப் பேருக்கும் குறைவானவர்களே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று எங்கோ உயர் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் ஆலயத்துக்கு எதிர்த் தெருவில் வசிக்கிறார்கள்.

அந்த இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், மாலை வேளைகளில் தங்கள் தெருப் பிள்ளைகளைத் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் அமர்த்திச் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அந்தத் தொகைக்காக மட்டும் எவரும் நாள்தோறும் இருபது பிள்ளைகளோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் அதைச் செய்தார்கள். அயலான் யார் என்ற கேள்விக்கு நாம் மேடையில் விடை சொல்லிக் கொண்டிருந்தபோது, அவர்கள் பாய் விரித்து விடையை எழுதிக் காட்டினார்கள்.

நம் மதுரையிலேயே வேறு சாட்சிகளும் உண்டு. கொடிக்குளத்தைச் சேர்ந்த, பூரணம் என்று அழைக்கப்படும் ஆயி அம்மாள், மறைந்த தம் மகளின் நினைவாக, கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 ஜனவரியில் ஊர்ப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். நமக்கு அண்டையிலுள்ள தத்தனேரியில் அப்பள வியாபாரம் செய்யும் ராஜேந்திரன், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு மாநகராட்சிப் பள்ளிக்குக் கட்டடங்கள் எழுப்பித் தந்தார். இவர்களை நினைத்துத் தேவனைத் துதிக்கிறேன். நம்மில் பலரிடம் நிலமும் இல்லை, கோடியும் இல்லை. அதனாலேயே இந்தக் காரியம் நம்முடையது அன்று என்று முடிவுகட்டிவிடுகிறோம். நிலம் வந்தபின்பும், கட்டடம் எழுந்தபின்பும், அதற்குள் ஒரு பிள்ளையின் அருகே ஒருவர் அமர வேண்டியிருக்கிறதே!

இதில் நமக்கு ஒரு பழைய கடனும் இருக்கிறது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, அது வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பள்ளியாக இருந்தது. நம் பகுதியில் 1834இல் அமெரிக்கன் மதுரை மிஷன் காலூன்றியபோது, முதலில் செய்த வேலைகளில் ஒன்று பள்ளிக்கூடம் திறந்ததுதான். மிஷனெரிகளின் பெயர்கள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. அவர்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழ் உதவியாளர்களும், ஊர் ஊராக அமர்ந்து அகரம் சொல்லிக் கொடுத்த உபதேசியார்களும் நம் நினைவிலேயே இல்லை. நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் எழுத்துக் கூட்டி வேதத்தைத் திறந்தது அவர்களால்தான். பள்ளிக்கூடத்தால் உயர்ந்த ஒரு சமுதாயம், தன் பிள்ளைகளை நல்ல தனியார் பள்ளிகளில் சேர்த்துவிட்ட பிறகு, தெருமுனைப் பள்ளியைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகலாமா?

இனி நான் சொல்லப் போவது சிலருக்கு வருத்தம் தரலாம். பொறுமையோடு கேளுங்கள்.

பள்ளிக்குப் போகும் அந்த ஒரு மணி நேரத்தில் நாம் பிரசங்கிக்கக் கூடாது. கைப்பிரதி கொடுக்கக் கூடாது. பாட்டுச் சொல்லித் தருகிற சாக்கில் கீர்த்தனை கற்பிக்கக் கூடாது. ஜெபிக்கும்படி பிள்ளைகளைக் கேட்கக் கூடாது. சபையின் பெயர் போட்ட பதாகையைக் கொண்டு போகவும் கூடாது.

“அப்படியானால் அது எப்படி ஊழியமாகும், ஐயா?” என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். முதலாவது, முழுவதும் அரசுப் பணத்தில் நடைபெறும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நாட்டின் சட்டத்தை மதிப்பது நமக்குக் கட்டளை. இரண்டாவது, பள்ளியில் இருக்கும் பிள்ளை எழுந்து போகும் சுதந்திரம் இல்லாத பிள்ளை. தன்னை நம்பி அனுப்பிய தாய்க்குத் தெரியாமல் அதன் மனத்தில் எதையும் விதைப்பது அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம். நம் பிள்ளையிடம் வேறொருவர் அப்படிச் செய்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா? மூன்றாவதே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. நம் ஆண்டவர் பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன் மட்டுமே. மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. பலனை எதிர்பார்த்துக் காட்டும் அன்புக்கு வியாபாரம் என்று பெயர். அந்தப் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்வதே முழுமையான நன்மை. அதற்குமேல் மறைவான நோக்கம் எதையும் நாம் சுமந்து செல்லத் தேவையில்லை. நீங்கள் யார், ஏன் வருகிறீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டால், மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காதவரிடம் உங்கள் பொறுமையே பேசட்டும்.

வேறு சிலர், “இது அரசாங்கத்தின் கடமை, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே” என்கிறார்கள். கடமைதான். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பும்படி கேட்கவும், கழிப்பறை ஒழுங்காக இருக்கிறதா என்று விசாரிக்கவும் குடிமக்களாகிய நமக்கு உரிமை உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதற்காகவே பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நம் சபையில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் அந்தக் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள். ஆனால் உரிமையைக் கேட்பவன் ஒரு மணி நேரத்தைக் கொடுப்பவனாகவும் இருந்தால், அவன் கேள்விக்கு மதிப்புக் கூடும். சிறைப்பட்டுப் போன அந்நிய பட்டணத்தின் நன்மையைத் தேடும்படி யூதர்களுக்கு எரேமியா கடிதம் எழுதினார். நாம் வசிப்பதோ நம்முடைய சொந்தப் பட்டணம்.

“எனக்குக் கற்பிக்கத் தெரியாதே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை ஆசிரியராக வரச் சொல்லவில்லை. கற்பிப்பது ஆசிரியரின் பணி. நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது. தடுக்கும் இடத்தில் கைகொடுப்பது. சரியாக வாசித்தால் முகம் மலர்வது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கு இது முடியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இல்லத்தரசிக்கு முடியும். கல்லூரி மாணவிக்கு முடியும்.

விருப்பம் உள்ளவர்கள் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு நேரே போய் நிற்காதீர்கள். முதலில் தலைமை ஆசிரியரைச் சந்தித்து, அவருக்கு எது தேவை என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வணங்கித் திரும்புங்கள். அனுமதி கிடைத்தால், அவர் சொல்லும் நாளில், அவர் சொல்லும் பிள்ளைகளோடு, அவர் தரும் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமருங்கள். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது ஆசிரியைக்குத் தெரியும். நாமாக ஒரு முறையைப் புகுத்தி அவரைக் குழப்ப வேண்டாம்.

எப்போதும் பிறர் பார்வையில் படும் இடத்தில், வராந்தாவிலோ கதவு திறந்த வகுப்பறையிலோ அமருங்கள். எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்காதீர்கள். புகைப்படம் எடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுக்காதீர்கள். வீட்டு நிலைமையைத் துருவிக் கேட்காதீர்கள். சாதியைக் கேட்கவே கேட்காதீர்கள். ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதாகத் தெரிய வந்தால், உடனே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற உதவி எண்ணையும் நினைவில் வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வருவேன் என்று சொன்ன நாளில் வந்துவிடுங்கள். மூன்று வாரம் உற்சாகமாகப் போய் நான்காம் வாரம் நின்றுவிடுவதைவிட, தொடங்காமல் இருப்பது நல்லது. வாசல் பக்கமே பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பெரியவர்கள் வாக்குத் தவறுவார்கள் என்பதைக் கற்பிக்க நாம் போக வேண்டியதில்லை. நன்மை செய்வதில் சோர்ந்து போகாதிருக்கும்படி கலாத்தியருக்குப் பவுல் புத்தி சொன்னதை நாம் அறிவோம். சோர்வு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பலன் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன். வாரம் ஒரு மணி நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்குத் தலைக்குப் பத்து நிமிடம் கொடுக்கலாம். பள்ளி நடக்கும் முப்பது வாரங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து மணி நேரம் கிடைக்கும். சபையில் பத்துப் பேர் முன்வந்தால் அறுபது பிள்ளைகள். வாசிக்கப் பழகிய பிள்ளைகளை, பெற்றோரும் ஆசிரியரும் உடன் வர, 2023இல் புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போகலாம். விளாங்குடியிலிருந்து அது தொலைவில் இல்லை. அங்குள்ள சிறுவர் பகுதியில், தானாக ஒரு புத்தகத்தை எடுத்து, விரித்து, தான் விரும்பிய பக்கத்தைக் கண்டுபிடித்து வாசிக்கும் பிள்ளையைப் பார்த்தால், லூக்காவின் நான்காம் அதிகாரம் உங்களுக்கு நினைவுக்கு வரும்.

அந்தப் பிள்ளை நாளை என்ன ஆவான், என்ன ஆவாள் என்பது நமக்குத் தெரியாது. உங்கள் பெயரை அது மறந்துவிடும். நாசரேத்தூரில் எழுத்தறிவித்த அந்த மனிதருக்கும், தாம் யாருடைய அருகில் அமர்ந்திருந்தோம் என்பது தெரிந்திருக்காது.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆலயத்தின் பக்கவாசலில் ஒரு நோட்டு வைக்கப்பட்டிருக்கும். பணம் எழுத வேண்டாம். வாரத்தில் உங்களால் கொடுக்க முடிந்த ஒரு மணி நேரம் எது என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெபம்: எங்கள் பிதாவே, உமது குமாரனும் ஒரு பிள்ளையாய் அமர்ந்து எழுத்தைக் கற்றார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காது கொடுக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். பெயரையும் புகழையும் எதிர்பாராமல், சொன்ன நாளில் சொன்ன இடத்தில் இருக்க எங்களுக்கு உதவி செய்யும். ஆசிரியர்களைத் தாங்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.